ஓசிக் குளிர்

ஓசியில் வரும் எதன்மீதும் எனக்கு நம்பிக்கை கிடையாது. கடைக்காரர் கொசுறாகப் போடும் கறிவேப்பிலையைக்கூட முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துத்தான் பையில் வைப்பேன். "உன்னயக் கட்டுனதுக்கு ஒரு போலீஸ் நாயக் கட்டியிருக்கலாம்" என்பார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுப் போகட்டும். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

என் பெயர் சண்முகவடிவு. தூத்துக்குடியில் வெப்பக் கணக்கு வாரியத்தில் தணிக்கையாளர். வெயில் ஆளைக் கொல்ல ஆரம்பித்த பிறகு ஒரு சட்டம் வந்தது. எந்தப் பெரிய கட்டிடமும் தன் உள்ளே சேரும் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று சொல்லியாக வேண்டும். சூடும் குப்பை மாதிரிதான், நம் வாசலைப் பெருக்கினால் அது அடுத்தவன் வாசலில் போய்க் கிடக்கும். அது யார் வாசல் என்று பார்ப்பதே என் வேலை.

கடற்கரைச் சாலையில் இருக்கிறது நீலமணி வளாகம். மாடி மாடியாக அலுவலகங்கள். வழக்கமாக இந்த மாதிரிக் கட்டிடங்களில் சில்லர் என்ற பெரிய இயந்திரம் தண்ணீரைக் குளிரவைக்கும். அந்தத் தண்ணீர் குழாய் வழியாக எல்லா மாடிக்கும் போய் அறைகளைக் குளிர்விக்கும். நீலமணி வளாகத்தின் சில்லர்கள் ஒரு வருஷமாக ஓடவே இல்லை. தொட்டுப் பார்த்தால் தூசி. ஆனால் உள்ளே நுழைந்தால் ஜிலுஜிலுவென்று இருந்தது. கேட்டால் "ஃப்ரீ கூலிங்" என்றார்கள். மொட்டை மாடியில் வான் பலகைகள் என்று கறுப்பாக எதையோ பரப்பியிருந்தார்கள். அவை கட்டிடத்தின் சூட்டை நேரே ஆகாயத்துக்கு அனுப்பிவிடுகின்றனவாம்.

ஆகாயத்துக்கு! கடலோரத்து ஈரக்காற்றில் துவைத்துப் போட்ட சட்டையே காயாத ஊர் இது. இங்கிருந்து சூடு மட்டும் மேலே போய்ச் சேர்ந்துவிடுமா? நான் நம்பவில்லை. ஆனால் மூன்று முறை தணிக்கைக்குப் போயும் ஒன்றும் அகப்படவில்லை. நான் சரி என்று முத்திரை போட்டால் ஊர் முழுக்க எல்லாக் கட்டிடங்களுக்கும் இந்த முறைக்கு அனுமதி கிடைத்துவிடும். அதனால் போடாமல் இழுத்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் வாரியத்தில் ஒரு வழக்கம் உண்டு. அடித்தளத்தில் கணக்கு இயந்திரங்கள் இருக்கின்றன. ஊரில் உள்ள சூட்டையெல்லாம் எண்ணுவதும், வெயில் எச்சரிக்கை அனுப்புவதும், பொதுமக்களின் புகார் போனை எடுத்துப் பேசுவதும் அவைதான். ஒரு கட்டிடத்தில் தணிக்கை என்றால், முந்தின நாள் சாயங்காலமே அந்த இயந்திரங்களை நிறுத்தி முத்திரை வைத்துவிடுவோம். தணிக்கை முடியும்வரை யாரும் உள்ளே புகுந்து எண்களை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக. இந்த யோசனையைச் சொன்னது வேறு யாருமில்லை, நான்தான்.

நான்காவது முறை வளாகத்துக்குப் போனபோது வாசலில் ராஜகனியின் தள்ளுவண்டி இல்லை.

நான் கேன்டீன்களில் சாப்பிடமாட்டேன். எந்த எண்ணெயோ, எந்தக் கையோ. வளாகத்து வாசலில் காவலாளிகளுக்கும் டிரைவர்களுக்கும் பழைய சோறு விற்கும் ராஜகனியிடம் மட்டும் எப்படியோ மனசு ஒப்பியது. மண்பானையில் நீராகாரம், தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர் மிளகாய். முந்தின மூன்று தணிக்கைக்கும் அவள் வண்டியில்தான் காலைச் சாப்பாடு.

"வண்டி எங்க?" என்று காவலாளியிடம் கேட்டேன்.

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "அதிகாரிங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க மேடம். என்கூட வாசல்ல நின்ன வேலாயுதம் அந்தம்மா சோத்தச் சாப்பிட்டுத்தான் வயித்தால போயி செத்துட்டான். இன்னொருத்தன் ஆஸ்பத்திரியில கெடந்து பொழச்சு வந்தான். கேஸ் போட்டிருக்காங்க. ஜெயில்தான்னு பேசிக்கிடுதாங்க."

"எப்ப?"

"போன தடவ நீங்க வந்தீங்கள்லா, அன்னைக்கு மத்தியானந்தான் வண்டியத் தூக்குனாங்க. வேலாயுதம் அதுக்கு முந்தின நாள் காலையில சாப்பிட்டிருக்கான்."

மறுநாள் காலையில் அதே பானையில் நானும்தானே சாப்பிட்டேன்? எனக்கு ஒரு ஏப்பம்கூட வரவில்லையே! மேலே போய் வான் பலகைகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ராஜகனியின் வீடு எங்கே என்று விசாரித்துக்கொண்டு நடந்தேன்.

சிப்பிக்காரன் தெரு வளாகத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். நடுவில் எங்கள் வாரியக் கட்டிடம், அதைத் தாண்டினால் தெரு. ராஜகனி வாசலில் உட்கார்ந்து, பயன்படுத்தாமல் கிடக்கும் மண்பானைகளை வெயிலில் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வாங்கம்மா. சோறு இல்லம்மா இப்ப" என்றவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "நான் சோறு போட்டு ஆளக் கொன்னுட்டேங்கிறாங்க. வேலாயுதம் எனக்குத் தம்பி மாதிரிம்மா. 'எக்கா, இன்னும் ரெண்டு வெங்காயம்'னு தெனமும் கேப்பான். அவனுக்கு நான் கெட்டதப் போடுவனா?"

"எப்படிச் செய்வீங்க? ஒண்ணுவிடாம சொல்லுங்க."

"சாயங்காலம் சோறு வடிப்பேன். ஆறுனதும் பச்சத்தண்ணி ஊத்தி மூடி வைப்பேன். காலையில உப்புப் போட்டுக் கரைப்பேன். இதுல என்னம்மா தப்பு வரும்? ஆனா இப்பக் கொஞ்ச மாசமா சோறு நூலு விடுது. மோந்து பாப்பேன், ஊசிப்போயிருந்தா அப்படியே கொட்டிருவேன். அன்னைக்கு வாடையே தெரியலம்மா."

"தண்ணி எப்படி வருது?"

"அதத்தானே சொல்ல வாறேன். பச்சத்தண்ணியே வரமாட்டேங்கு. குழாயத் தொறந்தா கையச் சுடுது. மார்கழியில எங்களுக்குச் சந்தோஷந்தான், பிள்ளையளக் குளிப்பாட்ட வெந்நி போட வேண்டாம்லா. சித்திரை பொறந்த பொறவுதான் இது என்ன கூத்துன்னு பாத்தோம்."

எனக்குக் காது விடைத்தது. எங்கள் ஊருக்கு வருவது ஆழ்கடல் தண்ணீர். நடுக்கடலில் வெகு ஆழத்திலிருந்து உறிஞ்சி, உப்பை நீக்கி, வெயில் படாத குழாயில் கொண்டுவருகிறார்கள். ஊருக்குள் நுழையும்போது பதினான்கு டிகிரி. வெயிலில் வாடும் ஏழைகளுக்குக் குழாயைத் திறந்தால் குளிர்ச்சி கிடைக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு பெரிய திட்டமே. அது எப்படிச் சுடும்?

"புகார் கொடுக்கலையா?"

"உங்க வாரியத்து நம்பருக்குத்தான் போன் போட்டேன். மெசினுதான் எடுத்துச்சு. 'எங்க தெருவுல பச்சத்தண்ணி வரல'ன்னு சொன்னேன். அதுக்கு அது..." ராஜகனி முதுகை நிமிர்த்தி, வானொலிச் செய்தி வாசிப்பவர் குரலில் சொன்னாள்: "'தங்கள் தெருக் குழாயில் பச்சை நிறத் தண்ணீர் வரவில்லை என்பதை அறிந்து மகிழ்கிறோம். தங்கள் புகார் தீர்க்கப்பட்டது.' வச்சிருச்சும்மா."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவள் முகத்தைப் பார்த்ததும் வெட்கமாகப் போய்விட்டது.

"வண்டியத் தூக்க வந்தவங்க தண்ணியச் சோதிச்சாங்களா?"

"சோதிச்சாங்க. என் கெட்ட நேரம், அன்னைக்குத் தண்ணி சுடல. 'தண்ணி நல்லாத்தான இருக்கு, நீதான் அழுக்குல செஞ்சிருக்க'ன்னுட்டாங்க. நீங்க வாற அன்னைக்கு எப்பவும் தண்ணி சுடாதும்மா. முந்தின சாயங்காலமே கொதிப்பு அடங்கிரும். நாங்க தெருவுல பேசிக்கிடுவோம், 'தண்ணி அடங்கிருச்சு, நாளைக்கு ஆபீசரம்மா வாராக'ன்னு."

"என்ன சொன்னீங்க? திருப்பிச் சொல்லுங்க."

"நீங்க வந்தாத் தண்ணி அடங்கும்மா. இன்னைக்கும் பாருங்களேன்."

குழாயைத் திறந்து கையை நீட்டினேன். உண்மைதான், சுடவில்லை. ஆழ்கடல் தண்ணீருக்குரிய ஜில்லிப்பும் இல்லை, சாதாரணமாக இருந்தது. என் வருகையை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்பது விதி. வளாகத்துக்கு நாள் தெரியும். அடப் பாவிகளா, நான் வருகிறேன் என்றதும் முந்தின சாயங்காலமே எதையோ நிறுத்திவைக்கிறீர்கள்!

"ராஜகனி அக்கா, அழாதீங்க. தண்ணியச் சுடவச்சது யாருன்னு நான் நிரூபிச்சா உங்க மேல கேஸ் நிக்காது. ஒரு வாரம் பொறுங்க."

"நம்பலாமாம்மா?"

இதை இதுவரை நான்தான் மற்றவர்களிடம் கேட்டிருக்கிறேன். "நம்புங்க" என்றேன்.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தேன். உள்ளே இதமாக இருந்தது. முன்பெல்லாம் பழைய ஏசியின் கடகடச் சத்தத்தில் பேசுவது கேட்காது. இப்போது சத்தமே இல்லை. எங்கள் இயக்குநர் ஆத்தியப்பன் சார் விஷயத்தைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"வடிவு, பழைய சோத்த வச்சு ஒரு பெரிய கட்டிடத்து மேல பழி போடலாமா? நல்லா யோசிச்சுச் செய்யும்மா. வளாகத்துக்கு முத்திரை போட்டு முடிச்சிரு, அந்தப் பொம்பளைக்கு வேற ஏதாவது உதவி பண்ணலாம்."

அவர் ஏன் இவ்வளவு வழவழவென்று பேசுகிறார் என்று அப்போது எனக்குத் தோன்றியது. தோன்றியதை அப்படியே விட்டுவிட்டேன். மேலதிகாரிகள் எல்லாருமே அப்படித்தான் பேசுவார்கள்.

சில நாள் கழித்து யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். அறிவிப்பு இல்லை, வாரியத்தில் இயந்திரத்தை நிறுத்தும் சடங்கும் இல்லை. முதலில் ராஜகனியின் குழாய். வெப்பமானியை நீட்டினேன். நாற்பத்திரண்டு! கையை வைத்தால் வெடுக்கென்று இழுக்கத்தான் தோன்றியது. "சொன்னேம்லாம்மா" என்றாள் ராஜகனி. அங்கிருந்து விறுவிறுவென்று நேராக வளாகத்தின் அடித்தளத்துக்குப் போனேன்.

வளாகத்தின் தலைமைப் பொறியாளர் ஜெபநேசன் பின்னாலேயே ஓடிவந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. எப்போதும் தேன் தடவிய பேச்சு.

"மேடம், சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்களே. ஒரு டீ குடிச்சிட்டுப் போகலாமே."

"டீ வேண்டாம் சார். ஊர்த் தண்ணிக் குழாய் எங்க போகுது?"

அடித்தளத்தின் ஓரமாக ஆள் பருமன் குழாய் ஒன்று ஓடியது. ஊருக்குள் போகும் ஆழ்கடல் தண்ணீர். குளிர்ந்த குழாயில் ஈரக்காற்று பட்டால் வேர்க்கும். இந்தக் குழாய் சொட்டச் சொட்ட வேர்த்திருந்தது. கையால் தடவிக்கொண்டே நடந்தேன். 'தீயணைப்புப் பொருட்கள்' என்று எழுதிய ஓர் அறைக்குள் அது நுழைந்தது. அறையின் மறுபக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தேன். அங்கே வெளியே வந்த அதே குழாயில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. காய்ந்து கிடந்தது.

"கதவத் திறங்க."

"சாவி தொலஞ்சு போச்சு மேடம்."

"அப்ப உடைங்க. தீப்பிடிச்சா இந்தப் பொருளெல்லாம் எப்படி எடுப்பீங்க?"

ஜெபநேசன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தன் பாக்கெட்டிலிருந்தே சாவியை எடுத்தார்.

உள்ளே தீயணைப்புப் பொருள் ஒன்றுமில்லை. தகடு தகடாக அடுக்கிய பெரிய இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. ஊர்க் குழாய் அதற்குள் நுழைந்து வெளியேறியது. கட்டிடத்தின் குழாய்களும் அதற்குள் நுழைந்து வெளியேறின.

"இது என்ன சார்?"

"வெப்பமாற்றி மேடம்." மறைக்கப் பிரயோஜனமில்லை என்று தெரிந்ததும் அவர் குரலில் ஒரு நிம்மதிகூட வந்துவிட்டது. "தகட்டுக்கு ஒரு பக்கம் ஊர்த் தண்ணி, மறுபக்கம் எங்க கட்டிடத்துத் தண்ணி. ரெண்டும் கலக்காது, தகட்ட மட்டும் உரசிட்டுப் போகும். ஊர்த் தண்ணியோட குளிர்ச்சி எங்களுக்கு வந்துரும். ரொம்பச் சின்னச் செலவு."

"மேல இருக்கிற வான் பலகை?"

"அது பார்வைக்கு."

"திருட்டுன்னு தெரியலையா உங்களுக்கு?"

"எதத் திருடினேன் மேடம்? ஒரு சொட்டுத் தண்ணி குறையுதா? உள்ள வந்த அத்தனை லிட்டரும் வெளிய போகுது. சட்டத்துல லிட்டர்தான் இருக்கு, டிகிரி இல்ல. அதுவும் போக, கீழ வெயில் கூடம் திறந்து வச்சிருக்கோம். சிப்பிக்காரன் தெரு சனந்தானே மத்தியானம் பூரா அங்க வந்து படுத்துக் கெடக்கு? எடுத்த குளிர அவங்களுக்கே குடுக்கிறேன்."

"அவங்க மடியில கைய விட்டு எடுத்து, அவங்களுக்கே தானமா? நல்லா இருக்கு சார் உங்க ஞாயம். சட்டத்துல டிகிரி இல்லங்கறீங்க. சட்டத்தோட தமிழ்ப் படியில என்ன வார்த்தை இருக்குன்னு சொல்லுங்க."

"தண்ணீர்."

"தண்ணுன்னா என்ன?"

அவர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

"தண்ணுன்னா குளிர்ச்சி. குளிர்ந்த நீர்தான் தண்ணீர். நீங்க தண்ண உருவி எடுத்துக்கிட்டு வெறும் நீரை ஊருக்கு அனுப்பியிருக்கீங்க. தெருக் குழாயில நாப்பத்திரண்டு டிகிரி வருது. அதுல ஒரு ஆளு செத்திருக்கான். ஒரு பொம்பள ஜெயிலுக்குப் போக நிக்கா."

ஜெபநேசனின் முகம் மாறியது. "மேடம், ஒரு நிமிஷம். இங்கேருந்து வெளிய போற தண்ணி எத்தனை டிகிரின்னு பாத்தீங்களா?"

"குழாய் காஞ்சு கெடக்கு. பாக்க வேண்டியதில்ல."

"பாத்துட்டு முத்திரை வைங்க."

"எனக்கு வேலை சொல்லித் தராதீங்க சார்."

ஊர்த் தண்ணீர் பெட்டிக்குள் போகாமல் நேராகப் போகும்படி வால்வுகளைத் திருப்பச் செய்து, கம்பி கட்டி முத்திரை வைத்தேன். தூசி பிடித்த சில்லர்கள் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தன. வெளியே வரும்போது வெயில் கூடத்தில் படுத்திருந்தவர்களைக் காவலாளி எழுப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். சில்லர் ஓடினால் கூடத்துக்குக் கட்டுப்படியாகாதாம். பாயைச் சுருட்டிக்கொண்டு போன ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "நல்லா இருப்பே" என்றாள். அவள் வாழ்த்தவில்லை என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் ராஜகனி வீட்டுக் குழாயடியில் கூடினோம். உணவுத் துறை அதிகாரியை நான்தான் வரச் சொல்லியிருந்தேன். வளாகத்துப் பெட்டியை மூடிய பிறகு குழாயில் பழையபடி ஜில்லென்று வந்தால், சூட்டுக்குக் காரணம் வளாகம்தான் என்று அவர் எழுதித் தருவார். ராஜகனியின் வழக்கும் அதோடு முடியும். ஜெபநேசனும் வந்து ஓரமாக நின்றார்.

ராஜகனி சாமி கும்பிட்டுவிட்டுக் குழாயைத் திறந்தாள். நான் வெப்பமானியை நீட்டினேன்.

முப்பத்தொன்று.

இன்னும் கொஞ்சம் ஓடவிட்டோம். முப்பத்தொன்றிலேயே நின்றது. பதினான்கில் புறப்பட்ட தண்ணீர். ராஜகனி கையை நீட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சூடு கொறஞ்சிருக்கும்மா" என்றாள். எனக்கு ஆறுதலாகச் சொன்னாள் என்று நினைக்கிறேன். "ஆனா இது பச்சத்தண்ணி இல்ல."

அதிகாரி பையை மூடினார். "மேடம், வளாகத்த மூடியும் சூடாத்தான வருது? குழாயில வெயில் படுது, அவ்வளவுதான். இந்தம்மா சுத்தமாச் செஞ்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது." அவர் போய்விட்டார். ராஜகனி அழவில்லை. கவிழ்த்து வைத்த பானைகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். நம்புங்க என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜெபநேசன் கிட்டே வந்தார். குத்திக்காட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குரலில் அது இல்லை.

"நேத்தே சொன்னேன் மேடம், வெளிய போறதப் பாருங்கன்னு. என் பெட்டிக்குள்ள பதினாலுல நுழையும், இருபத்தாறுல வெளிய போகும். என்னைக்கும் அதேதான். நான் குளிர எடுத்தது நெசம். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. ஆனா இருபத்தாறுல சோறு ஊசிப்போகாது. நாப்பத்திரண்டு நான் பண்ணினது இல்ல."

"அப்ப யாரு? நான் வாற அன்னைக்கு நிறுத்திவச்சது நீங்கதானே?"

"நான் என்னைக்கும் நிறுத்தினதே இல்ல மேடம். நீங்கதான் கண்டுபிடிக்கலையே, எதுக்கு நிறுத்தணும்?" அவர் சாலையைப் பார்த்தார். "என் சுவருக்கும் இந்தத் தெருவுக்கும் நடுவுல ஒரே ஒரு கட்டிடந்தான் இருக்கு."

நான் திரும்பிப் பார்த்தேன். பார்க்காமலே தெரியும். தினமும் காலையில் நுழைகிற கட்டிடம்.

"வாங்கும்போது ரெண்டு பெட்டி வாங்குனோம் மேடம். இன்னொண்ண உங்க ஆத்தியப்பன் சாருக்கு நாங்களே மாட்டிக் குடுத்தோம். இனாமாத்தான். உங்க கணக்கு மெசினுங்க கக்குற சூடு கொஞ்சமா? அத்தனையும் இந்தத் தண்ணியிலதான் இறங்குது. உங்க ஆபீஸ்ல ஏசி சத்தம் நின்னு எத்தனை மாசம் ஆச்சு?"

நான் வந்தால் தண்ணீர் அடங்கும். ஆமாம், அடங்கும். நான் தணிக்கைக்குக் கிளம்பினால், முந்தின சாயங்காலமே வாரியத்தின் இயந்திரங்களை நிறுத்திவிடுவார்கள். நான் சொன்ன யோசனைப்படி. அன்றைக்கு மட்டும் அவை சூட்டைக் கக்குவதில்லை, அன்றைக்கு மட்டும் ராஜகனியின் சோறு நன்றாக இருக்கும், நான் ருசித்துச் சாப்பிடுவேன். மற்ற நாட்களிலெல்லாம் வேலாயுதம் சாப்பிட்டிருக்கிறான்.

பச்சைத் தண்ணி வரலை என்று இவள் போனில் கதறியபோது, அதைக் கேட்டு மகிழ்ந்ததும் அதே இயந்திரம்தான்.

வாரியத்துக்குள் நுழைந்தபோது அந்த இதமான குளிர் மேலே பட்டது. எனக்கு அருவருப்பாக இருந்தது. நேரே அடித்தளத்துக்கு இறங்கினேன். இத்தனை வருஷத்தில் முத்திரை வைக்க ஆள் அனுப்பியிருக்கிறேனே தவிர, நான் இறங்கியதில்லை. ஊர்க் குழாய் வேர்த்துக்கொண்டு ஓர் அறைக்குள் நுழைந்தது. மறுபக்கம் காய்ந்து வெளியே வந்தது. இங்கே 'தீயணைப்புப் பொருட்கள்' என்றுகூட எழுதவில்லை. தணிக்கையாளர் இருக்கும் கட்டிடத்தை யார் தணிக்கை செய்யப்போகிறார்கள்?

ஆத்தியப்பன் சார் மூச்சிரைக்க இறங்கி வந்தார்.

"வடிவு, வேண்டாம்மா. இந்த மெசினு நாள்கணக்கா நின்னா ஜில்லாவுக்கே வெயில் எச்சரிக்கை போகாது. எத்தனை உசுரு தெரியுமா?"

"மெசின நிறுத்தச் சொல்லல சார். பழைய ஏசியப் போட்டு ஓட்டுங்க. நம்ம சூட்ட நாம சுமப்போம்."

"அதுக்கு அரசு பணம் தராதும்மா. நான் என்ன, எனக்காகவா பண்ணினேன்? வாரியத்துக்கு மிச்சமாகுமேன்னுதான்." அவர் குரல் தாழ்ந்தது. "நீ எழுதப்போற சான்றுல உன் பேரும்தான் நாறும். 'தணிக்கையாளர் இந்தக் குளிர்லதானே உக்காந்திருந்தாங்க, அவங்களுக்குத் தெரியாதா'ன்னு கேப்பாங்க. என்ன பதில் சொல்லுவ?"

கறிவேப்பிலைக் கொசுறைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவள் நான். என் நாற்காலிக்கு மேலே சத்தமில்லாமல் இறங்கிய குளிர் ஓசியில் வந்தது என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. சுகமாக இருந்தது, அதனால் சந்தேகம் வரவில்லை.

"தெரியாதுன்னுதான் சொல்லுவேன் சார். யாரும் நம்ப மாட்டாங்க. நானா இருந்தா நானும் நம்ப மாட்டேன்."

வால்வை நானே திருப்பினேன். துருப்பிடித்துப் போயிருந்ததால் இரண்டு கையாலும் தொங்க வேண்டியிருந்தது. கம்பி கட்டி முத்திரை வைத்தேன். மேலே எங்கோ பழைய ஏசி கடகடவென்று இருமிக்கொண்டு உயிர் பெற்றது. என் மேசைக்குப் போய் உட்கார்ந்து, தண்ணீரின் குளிர்ச்சியை எடுத்தவர் என்ற இடத்தில் நீலமணி வளாகத்தையும், அதில் சூட்டைக் கொட்டியவர் என்ற இடத்தில் வெப்பக் கணக்கு வாரியத்தையும் எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் காகிதத்தில் என் வியர்வை சொட்டிவிட்டது.

பிறகு ராஜகனிக்குப் போன் போட்டேன்.

"அக்கா, குழாயத் தொறங்க. பழைய சூட்டுத் தண்ணி போகட்டும், கொஞ்ச நேரம் ஓடவிடுங்க."

"இன்னொரு தடவையாம்மா?" என்றாள். அலுப்பு தெரிந்தது. ஆனாலும் எழுந்து போனாள். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெகு நேரம் அது மட்டும்தான் கேட்டது. நான் அவளைக் கூப்பிடவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

"எம்மா" என்றாள் கடைசியில். "தண்ணி வருதும்மா."